முனகும் சிவப்புப் பெட்டி

"இன்னும் பாட்டே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள எதுக்கு இப்படி முனகுது?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் சாப்பாட்டு மேஜை மேல் இருந்த சிவப்புப் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ம்ம்ம்ம்ம்..." என்றது பெட்டி, தன்னோடு இணைத்திருந்த ஸ்பீக்கர் வழியாக.

கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்துக்கொள்ளும் பெடல் அது. மிதித்தால், அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் கர்ஜிக்க வேண்டும். மருமகள் வைத்திருந்த பழைய பெடல் வீடு மாறும்போது லாரியிலேயே உயிரை விட்டிருந்தது. சனிக்கிழமை மாலை அவளுடைய குழுவின் முதல் கச்சேரி.

"கடைல புதுசா ஒண்ணு வாங்கிக்கறேன் மாமா" என்றுதான் அவள் சொன்னாள்.

"வீட்ல ஒரு மெக்கானிக்கை வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போறதா? பதினெட்டு மாடி ஏறுற லிஃப்டே என் பேச்சைக் கேக்குதும்மா. இந்தச் சோப்பு டப்பா கேக்காதா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவருக்கு மகள் கிடையாது. அதனால், இந்த விஷயத்தில் அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை.

செல்போனில் பார்த்துப் பார்த்துப் பெட்டியைச் செய்துவிட்டார். லிஃப்ட் கதவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட். மிதிக்கும் இடத்தில், கழற்றிப் போட்ட பழைய லிஃப்டின் பட்டன். அதில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வேலை செய்யும் இடத்தில் அதன் போட்டோவைப் பார்க்காதவர் பாக்கியில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு தவித்த ஒருவரிடம்கூட, கதவைத் திறப்பதற்கு முன்பே இடுக்கு வழியாகப் போட்டோவை நீட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

"பிரமாதம் சார், முதல்ல வெளிய விடுங்க" என்றாராம் அவர்.

அப்படிப்பட்ட பெட்டி இப்போது வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

"கரண்டு சுத்தமில்ல. அதான்" என்றார். அடாப்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, லிஃப்ட் மோட்டார் அறையில் சும்மா கிடந்த ஒரு பெரிய அடாப்டரைக் கொண்டுவந்து சொருகினார்.

முனகல் அப்படியே இருந்தது. கூடவே, கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு "ஸ்ஸ்ஸ்" சேர்ந்துகொண்டது.

"பரவால்ல மாமா, இது போதும்" என்றாள் மருமகள்.

"போதும்ங்கற பேச்சே நம்மகிட்ட கிடையாதும்மா. வெளில இருக்கற அலையெல்லாம் உள்ள நுழையுது. போர்வை போத்தணும்."

சமையலறையில் இருந்த அலுமினியத் தாளை எடுத்துப் பெட்டிக்குள் சுற்றினார். தாள் எங்கேயோ படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது போலிருக்கிறது. பெட்டி "கீஈஈஈ" என்று விசிலடித்தது. மனைவி பதறி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"உங்க பெட்டியா அது? குக்கர்னுல்ல நினைச்சேன்!"

அன்று எல்லோரும் வேகாத உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்கள். கடித்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அவருக்கு உண்மை பிடிபட்டது. "எர்த்! எர்த் சரியில்ல!" என்று கத்திக்கொண்டே குளியலறைக்கு ஓடினார். குழாயில் ஒரு ஒயரைக் கட்டி, கூடத்தின் குறுக்கே இழுத்துவந்து பெட்டியில் சேர்த்தார். மனைவி துணி காயப்போடும் கொடி என்று நினைத்து அதில் இரண்டு துண்டுகளைப் போட்டாள்.

விசில் நின்றது. முனகல் குறைந்தது. அவர் வெற்றியோடு மருமகளைத் திரும்பிப் பார்ப்பதற்குள், பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கியது.

"முட்டி வலி இருக்கறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது என்னன்னா..."

எங்கோ ஒரு வானொலி நிலையத்தில் ஒரு டாக்டர். அந்த நீள ஒயர் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்திருந்தது.

மெக்கானிக் ஒயரைப் பிடுங்கப் போனார்.

"கை வைக்காதீங்க!" என்றாள் மனைவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "இத்தனை வருஷத்துல நீங்க செஞ்சதுலேயே உருப்படியானது இதுதான். அந்த டாக்டரைக் கொஞ்சம் சத்தமா வைங்க."

"ஏய், இது கிட்டார் பெடலுடி!"

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வலிக்கறது முட்டிதானே?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவர் மனம் பதறியது.

அதற்கப்புறம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டிலேயே ஒரு துரோகி இருக்கிறான். அவன்தான் இரைச்சலைக் கிளப்புகிறான். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான். டியூப்லைட், மின்விசிறி, மாவரைக்கும் மிஷின், கடைசியாக ஃபிரிட்ஜ். வேலை முடிந்து வந்த மகன் இருட்டில் குழாய் ஒயரில் கால் தடுக்கி, துண்டுகளோடு சோபாவில் விழுந்தான்.

"என்னப்பா இது, வீடா குகையா?"

"உஷ்! துரோகியைத் தேடிக்கிட்டிருக்கேன்."

துரோகி அகப்படவில்லை. ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்ததில், பால் திரிந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து பற்றவைத்தார். விரலில் இரண்டு இடத்தில் கொப்புளம். கடைசியில் பெட்டி கொசு மாதிரி மெல்ல ரீங்காரமிட்டது. அதை நிறுத்த அவரால் ஆகவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மருமகளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கோம்மா. நீ கடைலேயே வாங்கியிருக்கலாம்."

அவள் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவருடைய விரல்களைப் பார்த்தாள்.

"மேடைல இந்தச் சத்தமே வராது மாமா. நம்ம வீட்டுக் கரண்டுதான் சரியில்ல. நீங்க வந்து முன்னாடி உட்காருங்க, போதும்."

அவர் முகம் பளிச்சென்று ஆனது. "நான்தான் முதல் நாளே சொன்னேனே, கரண்டு சுத்தமில்லன்னு!"

மாலையில் தேய்த்த சட்டை போட்டு, கூட வேலை செய்பவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஒயர்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றின் நடுவில், மருமகளின் காலடியில், சிவப்புப் பெட்டி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அவள் மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். முனகல் இல்லை. விசில் இல்லை. டாக்டரும் இல்லை.

அவள் காலை உயர்த்தி அம்புக்குறி மேல் வைத்தாள். கிட்டார் கர்ஜித்தது. அரங்கமே எழுந்து கத்தியது. அவள் மறுபடி மிதித்தாள். கிட்டார் சட்டென்று சாதுவானது. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அவர் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டி, "நம்மது! நம்மது!" என்றார். மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன.

"முட்டி வலியா?" என்றார்.

"சும்மா இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. அவருக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அரங்கின் பின்னால், பட்டன்கள் நிறைந்த பெரிய பலகைக்கு முன்னால் ஒலி அமைப்பாளர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தான் யார் என்பதை முதலில் சொல்லாமல், பாராட்டை வாங்கிக்கொண்ட பிறகு சொல்லலாம் என்று திட்டம்.

"தம்பி, அந்தச் சிவப்புப் பெட்டியைக் கவனிச்சீங்களா? வீட்லயே செஞ்சதாம். துளி இரைச்சல் வந்துச்சா சொல்லுங்க?"

ஒலி அமைப்பாளர் சிரித்தார்.

"எப்படி சார் வரும், அதுலதான் ஒயரே சொருகலையே! அந்தக் கிட்டார் அக்கா, தான் மிதிக்கறப்பல்லாம் என்னை இங்கேருந்து சவுண்டை மாத்தச் சொல்லி, மத்தியானத்துலேருந்து ஒத்திகை பார்த்து உயிரை எடுத்துட்டாங்க. அவங்க மாமனார் கை சுட்டுக்கிட்டுச் செஞ்சதாம், அது இல்லாம மேடை ஏற மாட்டேன்னுட்டாங்க, முன் வரிசையிலதான் எங்கேயோ உட்கார்ந்திருந்தாராம், பாத்தீங்கன்னா தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க சார்!"