சுத்து மாமி பின்னால் போனார்

மும்பையில் தூரத்தைக் கோடாலியால் அளந்த ஒரே மனுஷி எங்கள் சுத்து மாமிதான். மாட்டுங்காவிலிருந்து தாதர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எறிந்த கோடாலி நானூறு சுத்து சுத்தும் தூரம் என்பார். கேட்டவர் பிறகு எதையுமே கேட்க மாட்டார்.

மாட்டுங்காவில் ஓர் ஆபீஸ். மாமி தபால் பிரிவு. நான் தாராவியிலிருந்து வரும் டைப்பிஸ்ட். மாமி பாலக்காட்டுக் குடும்பம், ஐம்பத்தேழு வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. ஆபீஸ் பிக்னிக் என்று தாணேயில் கோடாலி எறியும் கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் செல்ஃபி எடுத்தோம். மாமி கோடாலியை எடுத்தார். முதல் எறிதல் இலக்கு மரப்பலகையில் மோதித் தரையில் விழுந்தது. ஓரடி பின்னால் போகச் சொன்னார் பயிற்சியாளர். அடுத்தது நச்சென்று குத்தி நின்றது. அதோடு மாமி எங்கள் கையை விட்டுப் போனார். ஞாயிறு தவறாமல் தாணே.

டிபன் வேளையில் சரித்திரப் பாடம் நடக்கும். இந்தக் கைக்கோடாலியின் பெயர் டொமஹாக். வட அமெரிக்கப் பழங்குடியினருடையது. முதலில் கல்லில் செய்தார்கள், வெள்ளைக்கார வியாபாரிகள் வந்தபின் இரும்பில். சிலவற்றில் ஒரு முனை கோடாலி, மறுமுனை புகைக்குழாய். சண்டைக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான். "நம்ம மேனேஜர் மாதிரியாக்கும்" என்று மாமி முடித்தபோது மேனேஜர் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் கேட்காதது போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மாமி நின்று நிதானமாக ஓரடி பின்வாங்கி யாரையாவது பார்த்தால், அந்த ஆள் இடம் மாறி உட்காருவது ஆபீஸில் வழக்கமாகிவிட்டது.

பிறகு அந்தக் கூடத்தில் போட்டி வந்தது. துணைக்கு நான். போட்டிக்கு வந்தவர்களெல்லாம் கட்டுமஸ்தான பையன்கள். மாமி புடவையை இழுத்துச் செருகி எறியும் கோட்டருகே வந்ததும், மைக் பிடித்த இளைஞன், "ஆன்ட்டிஜி, தோடா ஆகே ஆ ஜாவோ" என்றான். கொஞ்சம் முன்னால் வரலாமாம், மாமிக்கு மட்டும் சலுகையாம். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

மாமி நடுவரிடம் போய், கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நிற்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றார் அவர். மாமி பின்னால் நடந்தார். எல்லாரும் எறிந்தது ஒரு சுத்துத் தூரம். மாமி போய் நின்றது இரண்டு சுத்துத் தூரம்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "மாமி, வேண்டாம். அங்கன நின்னு எறிஞ்சா பத்துல மூணுதான குத்துது?"

"மூணு குத்தறதோல்லியோ" என்றார் மாமி.

மணிக்கட்டை மடக்காமல் கையை மேலிருந்து வீசி விட்டார். கோடாலி ஒன்று சுத்தியது, இரண்டு சுத்தியது. சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் குத்தி நின்றது. மைக் கீழே இறங்கியது. நான்தான் முதலில் கை தட்டினேன். நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆளுக்கு ஐந்து எறிதல். மீதி நான்கையும் மாமி அங்கிருந்தேதான் எறிந்தார். மூன்று தரையில் விழுந்தன. முன்னால் வந்திருந்தால் கோப்பையே கிடைத்திருக்கும். கடைசியில் கிடைத்தது பதினோராவது இடம். மைக் இளைஞன் வந்து, "மேடம், எனக்கும் சொல்லித் தருவீர்களா" என்று இந்தியில் கேட்டான். மாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ரொம்பத் துவண்டு கிடக்கிறது என்றார்.

திரும்பும் ரயிலில் மாமி வாயைத் திறந்து தூங்கினார். கூடத்தில் கூட்டத்தோடு நின்ற ஒரு பெண் அதே பெட்டியில் இருந்தாள். அந்த இரண்டு சுத்து ஆன்ட்டி உங்களுக்கு யார் என்று மெல்லக் கேட்டாள். ஒரே ஆபீஸ் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "எங்க வீட்டு மனுஷி" என்றேன்.