அனுபவத்துக்கு ஒரு நாற்காலி

உலகத்தில் எத்தனையோ குழுக்கள் பிறந்தன, பிஸ்கட் தின்றன, கலைந்தன. ஆனால் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களையும் இளஞ்சிறார் நீதியையும் ஒரே மூச்சில் சீர்திருத்தப் புறப்பட்ட அந்த உயர்நிலைக் குழுவுக்கு ஈடாக ஒன்று இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அது பட்டவர்களையே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தது. 'பட்டவர் சொல்ல, படித்தவர் கேட்க' என்று சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தது.

பட்டவராகத் தேர்வானவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற இளம்பெண். நான்கு இல்லங்களில் வளர்ந்தவள். குழுவில் எல்லோரும் அவளை அன்போடு 'அனுபவம்' என்றே அழைத்தார்கள்.

"அனுபவம் வந்தாச்சா?" என்பார் தலைவர்.

"வந்துட்டாங்க சார். டீ குடிக்கிறாங்க."

"சீக்கிரம் குடிக்கச் சொல்லுங்க. பத்தரைக்கு நாம மனசு உருகணும், பதினொண்ணுக்கு வேற வேலை இருக்கு."

அவள் வந்தது ஒரே காரியத்துக்காக. பதினான்கு வயதுத் தம்பி ஊரின் மறுகோடியில் ஓர் இல்லத்தில் இருந்தான். அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி வேண்டும். அதைத் தருகிற அதிகாரம் இந்தக் குழுவின் கையில் இருந்தது. அவள் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, நடுவில் திரை கட்டி, இரண்டாவது தலையணையும் வாங்கி வைத்துவிட்டாள்.

குழுவுக்கோ அவளுடைய 'இரண்டு வண்டிக் கதை'யின் மேல் தீராத பிரியம். அம்மா இறந்த வாரத்தில் அக்காவையும் தம்பியையும் வேறு வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதை அது.

"தம்பி உன் சட்டைக் கையைப் பிடிச்சிட்டு விடலைன்னியே, அங்க கொஞ்சம் நிறுத்திச் சொல்லும்மா," என்றார் ஆலோசகர் அம்மா. "போன தடவை அவசரப்பட்டுட்ட."

"அவன் விடவே இல்ல மேடம். இழுத்த இழுப்புல சட்டைக் கை கிழிஞ்சு அவனோடயே போயிடுச்சு."

"அடடா, இது புதுசா இருக்கே! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்து முடிந்ததும் தலைவர் கனிவோடு சொன்னார்: "இனிமே முடிவெடுக்கிற நேரம்மா. கேட்டா உன் மனசு புண்படும். கொஞ்சம் வெளியே உக்காரு."

அனுபவம் வெளியே போனது. கதவு சாத்தப்பட்டது. கதவுக் கண்ணாடி வழியே வாய்கள் அசைவதும் தலைகள் ஆடுவதும் அவளுக்குத் தெரிந்தன. ஒருமுறை அறிக்கையின் அட்டைப் படத்துக்காக அரை நாள் வாதம் நடந்தது. அட்டையில் இருக்கிற குழந்தை சிரித்தால் நிதி வராது, அழுதால் குழுவுக்குக் கெட்ட பெயர். கடைசியில் குழந்தையின் பின்மண்டையைப் போடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

மூன்றாவது கூட்டத்தில் வெளியே போகச் சொன்னபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"என் தம்பி விஷயம் என்னாச்சு சார்?"

தலைவர் சங்கடப்பட்டார். "உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமான்னு விதி கேக்குதும்மா. நீ குடும்பத்துல வளர்ந்தவ இல்லையே."

"உங்க இல்லத்துலதானே சார் வளர்ந்தேன்?"

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்."

நாட்டின் பிள்ளைகளை எல்லாம் எப்படி வளர்ப்பதென்று சொல்லத் தகுதியுள்ளவள், ஒரு தம்பியை வளர்க்கத் தகுதியற்றவள் ஆனாள். இவ்வளவு நுட்பமான பகுத்தறிவு சாதாரணக் குழுக்களுக்கு வாய்க்காது.

சேதியைக் கேட்ட தம்பி மறுவாரமே இல்லத்துச் சுவரேறிக் குதித்தான். அக்கா இருக்கிற திசை தெரியும், தூரம் தெரியாது. கால் ஓய்ந்த இடத்தில் பூட்டாத சைக்கிள் ஒன்று நின்றது. ஏறிக்கொண்டான். அக்காவின் தெருமுனையில் பிடிபட்டான். திருட்டு வழக்கு, கம்பி போட்ட சிறார் விடுதி.

அவள் பார்க்கப் போனாள்.

"முனை வரைக்கும் வந்துட்டேன்க்கா," என்றான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "உன் வீடு எது அக்கா?"

"நீலக் கதவு."

"அட! அதைப் பார்த்தேன்க்கா!"

அவள் கம்பி வழியே கையை விட்டு அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் சண்டை போடுகிற முடிவோடு போனாள். உள்ளே நுழைந்ததும் தலைவர் எழுந்து கைகுலுக்கினார்.

"கேள்விப்பட்டோம்மா! உன் தம்பிக்கு இல்லமும் தெரியும், சிறையும் தெரியும். ரெண்டு அனுபவமும் ஒரே ஆள்கிட்ட! இப்படி ஒரு பையனைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்."

"அவன் உள்ள இருக்கான் சார். அவனை என்கிட்ட விடுங்க."

"அதுக்கு விதி இடம் கொடுக்காது. ஆனா மாசம் ஒருநாள் காவலோட கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கலாம். உன் நாற்காலியையே குடுத்துடலாம். தப்பா எடுத்துக்காதம்மா, உன் அனுபவம் கொஞ்சம் பழசாயிடுச்சு."

"கரெக்ட் சார்," என்றார் ஆலோசகர் அம்மா. "நிதி குடுக்கிற வெளிநாட்டுக்காரங்க அசந்துடுவாங்க. இவ்வளவு நல்ல அனுபவசாலிங்க உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"எங்கயும் போய்த் தேடல, நாங்களே தயார் பண்றோம்னு சொல்லுங்க மேடம்," என்றாள் அவள்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். அதையே அறிக்கையின் முதல் வரியாகப் போடச் சொல்லிவிட்டு, கைதட்டல் அடங்கியதும், முடிவெடுக்கிற நேரம் வந்துவிட்டதென்று அவளை வெளியே அனுப்பிவைத்தார்.