ஆஃப் மாமா

அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினால் தூக்கம் வராத மனிதர்கள் உண்டு. தெருவோரம் நிற்கும் வண்டியில் விளக்கு எரிந்தால், சொந்தக்காரரைத் தேடி வீடு வீடாக மணி அடிப்பவர்கள் உண்டு. அந்தக் குலத்தின் புதுக் கொழுந்து ஒன்று இப்போது கம்ப்யூட்டர்களைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வருவார், செருப்பைக் கழற்றுவார், தண்ணீர் வேண்டுமா என்று நீங்கள் கேட்பதற்குள் உங்கள் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, அது எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அது விழிக்கும்போது கூடவே எந்தெந்த ப்ரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வருகின்றன என்ற பட்டியலைத் திறந்து உச்சுக் கொட்டுவார்.

“இத்தனை பேரையும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, பாவம், அது எப்படிம்மா எந்திரிக்கும்?”

பிறகென்ன, களையெடுப்புதான். இது எதற்கு? ஆஃப். இது யார்? பெயரே வாயில் நுழையவில்லையே. ஆஃப்!

இவர்களுடைய சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு சட்டம்: பெயர் தெரியாதவன் வேண்டாதவன்.

நம்முடைய ஆளுக்கு உறவுக் குழந்தைகள் வைத்த பெயர் ஆஃப் மாமா. அவர் வந்துபோன நாள் முதல் மைத்துனர் வீட்டு பிரிண்டர் ஊமை. பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வருவதில்லை. குடும்பக் குழுவில் அவர் இங்கிலீஷில்தான் சண்டை போடுகிறார், பாதி கோபம் இலக்கணத்திலேயே செலவாகிவிடுகிறது. ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் சட்டென்று எழுந்துகொள்ளும். அது போதாதா?

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் கடைவாய்ப் பல் வலித்தது. தங்கை பல் டாக்டர். அவளுடைய கிளினிக்கில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, “டாக்டர் இதோ வந்துடுவாங்க சார்” என்று உதவியாளப் பெண் வெளியே போனாள். நாற்காலிக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். பூனைக்குப் பக்கத்தில் பாலை வைத்துவிட்டுப் போகலாமா?

தங்கை உதவியாளப் பெண்ணோடு வந்தாள். கையுறை மாட்டினாள். “வாயைத் திற. இன்னும். ஊருக்கே புத்தி சொல்ற வாய், இவ்வளவுதான் திறக்குமா?” என்று எக்ஸ்ரே தகட்டை உள்ளே திணித்துப் பொத்தானை அழுத்தினாள். பீப் என்றது. திரையில் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். வெறுமை.

“என்னம்மா இது, காலைல நல்லாத்தானே இருந்துச்சு?”

“தெரியல டாக்டர். ஆனா இப்போ கம்ப்யூட்டர் செம ஸ்பீடா இருக்கு!”

தங்கை மெல்லத் திரும்பினாள்.

“அண்ணா.”

“ம்.”

“தொட்டியா?”

“ம்ம்ஹ்ம்.”

வாயில் தகடு இருக்கும்போது ஆமாவும் இல்லையும் ஒரே சத்தம்தான். அந்த வசதியை அவர் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

“சரி விடு. எந்தப் பல்லுன்னு குத்துமதிப்பா ஒண்ணைப் புடுங்கிடறேன். தப்பாப் போனா பக்கத்துலதான் இன்னொண்ணு இருக்கே.”

தகடு தானாக வெளியே வந்தது.

“நாலஞ்சை ஆஃப் பண்ணேன்டி. பேரு என்னன்னே புரியல.”

“பேரு புரியலன்னா? வர்ற பேஷண்ட்ல பாதிப் பேரோட பேரு எனக்கு ஞாபகம் இருக்காது. கழுத்தைப் புடிச்சா வெளிய தள்றேன்?”

“ஒரு நிமிஷம் மிச்சம் ஆகுதில்ல?”

“அந்த ஒரு நிமிஷத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அணைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார். கம்ப்யூட்டர் ஆடி அசைந்து எழுந்தது. எக்ஸ்ரே வந்தது. பல் பிழைத்துக்கொள்ளும் என்றாள் தங்கை. கையுறையைக் கழற்றியபடி, குரலைத் தணித்துக் கேட்டாள்:

“வீட்ல அண்ணியோட மீன் இன்னும் வருதா?”

மனைவி இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. போவதற்கு முன் அவர் கம்ப்யூட்டரில் ஒரு மீன்தொட்டி ப்ரோகிராமைப் போட்டுவைத்திருந்தாள், அவரைச் சீண்டுவதற்காகவே. ஒவ்வொரு காலையும் அது விழிக்கும்வரை மற்ற எல்லாம் காத்துக்கிடக்க வேண்டும். பிறகு ஓர் ஆரஞ்சு மீன் கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும். அவர் பொத்தானைத் தட்டி இரை போடுவார். ஒருநாள் தவறினாலும் அடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“வருது.”

“அதை ஆஃப் பண்ணலையா?”

“அது வேற.”

தங்கை சீட்டில் தேதி எழுதினாள். அடுத்த வாரம் வரச் சொன்னாள். வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கம்ப்யூட்டரின் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டாதது, வேண்டாதது என்று அணைத்துக்கொண்டே வருவீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். அப்போது உங்கள் வாய் ‘அது வேற’ என்று முணுமுணுத்தால், அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது கைகளை பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.