நிறுவனர் கையில் கல், என் கையில் மைக்

எனக்குக் கொஞ்சம் பாட வரும். என் வாழ்க்கையில் நடந்த அவமானங்களில் பாதிக்கு அந்தக் 'கொஞ்சம்'தான் காரணம்.

தொண்ணூறுகளில் பாதிரியார்கள் நடத்திய கல்லூரி ஒன்றில் பி.காம். படித்தேன். (படித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.) வருகைப்பதிவு அதலபாதாளத்தில் கிடந்தது. ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தப்பிக்க ஒரே வழி, கல்லூரி நிறுவன நாள் பாட்டுக் குழு. அதில் சேர்ந்தால் ஒத்திகை நாளெல்லாம் ஓ.டி., அதாவது வகுப்புக்குப் போகாமலே வருகை! ஓடிப் போய்ச் சேர்ந்தேன்.

"மயிலாப்பூரா? பாட்டு கத்துக்கிட்டிருக்கியா? அப்ப முதல் வரிய நீ தனியா பாடு. ஒரே வரி. நான் கை காட்டினதும் நிறுத்திடணும்" என்றார் குழுவை நடத்திய ஃபாதர்.

விழா அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் கல்லூரி பிறந்த கதை நாடகம். என் வரி முடிந்ததும் நிறுவனர் அடிக்கல் நாட்ட வேண்டும். வெள்ளை அங்கியும் பஞ்சுத் தாடியுமாக நிறுவனர் வேடத்தில் என் நண்பன் செல்வம், அடையாற்றங்கரைக்காரன். கையில் நிஜக் கருங்கல். எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பது ஃபாதரின் ஆசை.

"ஆண்டவரே, எம்மை ஆசீர்வதியும்" என்று எடுத்தேன். அடடா, அன்றைக்குக் குரல் என்னமாய்ப் பேசியது! எனக்கே புல்லரித்தது. வரி முடிந்ததும் ஃபாதர் உள்ளங்கையை உயர்த்தினார். சபாக்களில் வளர்ந்தவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: பலே! அதே வரியை வேறு விதமாகப் பாடினேன். அவர் தலையைப் பலமாக ஆட்டினார். ஆகா, மகாரசிகர்! ஸ்வரத்தில் இறங்கினேன். அவர் இரண்டு கைகளையும் வீசினார். (எந்தக் கச்சேரியிலும் யாரும் இவ்வளவு ரசித்து நான் பார்த்ததில்லை.)

"மச்சி, கை கயண்டுக்கினு போவுதுடா! இன்னாடா, காலேஜ கட்டவா, வேணாவா?"

செல்வத்தின் கதறல் என் மைக் வழியே அரங்கம் முழுக்கக் கேட்டது. அடுத்த நொடி அடிக்கல் மேடைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு கீழே போனது. அப்போதுதான் நிறுத்தினேன்.

மறுநாள் ஃபாதர் அறையில் போய் நின்றேன். பரீட்சை போயிற்று என்றே நினைத்தேன்.

"இந்தக் காலேஜைக் கட்டினவங்ககூட அவ்வளவு நேரம் எடுத்துக்கலப்பா" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அத்தனை நாளுக்கும் ஓ.டி.!

"ஃபாதர், கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கும் சேர்த்துப் போட்டிருக்கீங்களே?"

"ஆமா. அது நீ வராம இருக்கறதுக்கு."

இப்படிப் பாடாமல் இருந்து பட்டம் வாங்கியவன் நான். இன்றும் குளியலறையில் லேசாகச் சுதி சேர்ந்தால் போதும், என் மகள் கதவைத் தட்டுவாள்.

"அப்பா, ஓ.டி. தரேன், நிறுத்துப்பா!"