குடத்தில் என்ன?

ஊதுசாமி ஊதினால் ஆறாத புண்ணும் ஆறுமாம். மருத்துவமனைக்கு எதிரிலேயே கடை விரித்திருந்தார். கைவிடப்பட்டவர்கள் வெகுதூரம் நடக்கக் கூடாதே என்ற கருணைதான். தன் குடத்துத் தண்ணீரை ஊதிக் கொடுத்து, “காய்ச்சல் விட்டதும் நிறுத்திடணும். அப்புறமும் குடிச்சா என்மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்” என்பார். மிச்சத்தை ஜனங்கள் அடுத்த காய்ச்சலுக்குப் பத்திரப்படுத்துவார்கள்.

அந்த மருத்துவமனையின் கிருமி ஆய்வு டாக்டரம்மாவுக்கு ஓர் அண்ணன், லாரி டிரைவர். காலில் ஆணி குத்திய புண்ணுக்கு இந்தத் தண்ணீரைக் குடித்தார், விட்டார், மறுபடி குடித்தார். இப்போது எந்த மருந்துக்கும் புண் மசியவில்லை. காலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். தங்கை சும்மா விடவில்லை.

சாமியாரைச் சோதனைக்கு அழைத்தாள். இலவச விளம்பரத்தை விடுவாரா? கூட்டத்தோடு வந்தார். ஊதும் முன்பே குடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். பிறகு குடத்தையும், தனியாகக் குழாய்த் தண்ணீரையும் ஊதச் சொன்னாள். ஊதினார், காற்றுக்கென்ன செலவு? கிருமி தடவிய தட்டுகளில் எல்லாவற்றையும் சொட்டிவைத்தாள்.

மறுநாள் பார்த்தால், ஊதிய குடத்துத் தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றிக் கிருமியே இல்லை. கூட்டம் கும்பிட்டது. சாமியார் அடக்கமாகத் தலை குனிந்தார். அடுத்த தட்டைக் காட்டினாள். ஊதாத குடத்துத் தண்ணீரிலும் கிருமி செத்திருந்தது. ஊதிய குழாய்த் தண்ணீரிலோ கிருமிகள் சௌக்கியமாக இருந்தன. சாமியாரின் தலை குனிந்தபடியே நின்றுவிட்டது.

“குடத்துல ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டிருக்கார். அரைகுறையாக் குடிச்சா பலமான கிருமி தப்பிச்சுப் பெருகும்” என்று கடைசித் தட்டை நீட்டினாள். “இது எங்கண்ணன் புண்ணுல இருந்தது. இவர் தண்ணிக்கு அசையவே இல்ல.”

“உங்கண்ணனுக்கு நம்பிக்கை பத்தல” என்றார் சாமியார்.

“தட்டுக்கு ஏதுங்க நம்பிக்கை?”

போலீஸ் குடத்தையும் சாமியாரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது.

அந்தக் கிருமியைத் தின்னும் வைரஸ் ஒன்றைச் சாக்கடை நீரில் கண்டுபிடித்திருப்பதாகவும், அண்ணனுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருப்பதாகவும் டாக்டரம்மா சொன்னாள். கூட்டம் மூக்கைப் பொத்தியது. நிச்சயம் குணமாகுமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது, சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றாள். பாதிக் கூட்டம் அப்போதே வேறு சாமியாரைத் தேடிக் கிளம்பிவிட்டது.

அவள் வார்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டாள். “குடத்துல என்ன இருக்குன்னு ஒருதடவைகூடக் கேக்கலியாண்ணே?”

“கேட்டா பலிக்காதுன்னாங்கம்மா.”

கேட்காததன் பலன் கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடக்கிறது. இனியாவது கேட்டுத் தொலையுங்கள். குடம் அவருடையது, கால் உங்களுடையது.