ஆறரைத் தோட்டாவுக்கு வந்த மரியாதை

தோட்டா என்பது சுடுவதற்காகச் செய்யப்படும் பொருள். இந்த விஷயத்தில் சுவீடன் நாட்டில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததில்லை, கிரான்பூ கிராமத்து டோர்னி மாகாண அலுவலகத்துக்கு ஒரு மனுப் போடும் வரைக்கும்.

டோர்னி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரான்பூ வேட்டைக் குழுவின் தலைவர். பரம சாது. ஆனால் ஆறரைத் தோட்டாவைப் பற்றி ஆரம்பித்தாரானால் எதிரே நிற்பவர் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர முடியாது. ஆறரை என்பது குண்டின் குறுக்களவு, மில்லிமீட்டரில். நூறு வருஷத்துக்கு மேலாக சுவீடன் பட்டாளமும் வேட்டைக்காரர்களும் சுட்டு வருகிற தோட்டா. "தோள்ல உதைக்கவே உதைக்காதுய்யா. பச்சக் குழந்தை சாஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா அங்க மூஸ் விழுந்து கிடக்கும்!" என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான வடநாட்டுக் காட்டு மான். கல்யாணத்தில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார். பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டிருந்தபோதும் சொல்ல முயன்றிருக்கிறார்.

அவரைப் போல இன்னும் நாலு பேர் சேர்ந்து ஆறரை அன்பர் மன்றம் என்று ஒன்று நடத்தினார்கள். மாதம் ஒருமுறை கூடி, காப்பி குடித்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மீண்டும் ஒருமனதாக ஒப்புக்கொள்வது மன்றத்தின் பணி. செப்டம்பரில் வேட்டை தொடங்கினால் கிரான்பூவின் முதல் மூஸ் ஆறரையில்தான் விழ வேண்டும். டோர்னியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. "என் உசுரு இருக்கிறவரைக்கும் அது மாறாது" என்று டோர்னி சொல்லியிருந்தார்.

மாற்றக் கிளம்பியவன் வேறு யாருமில்லை, அவர் மனைவி மாய்லிஸின் தம்பி ரூனெ. ரூனெவுக்கு வருஷத்துக்கு ஒரு மோகம் பிடிக்கும். ஒரு வருஷம் புளித்த மாவு ரொட்டி. அடுத்த வருஷம் பனிக்கட்டியை உடைத்து ஏரியில் குளியல். இந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த புது ஆறரை. அதற்கென்று கன்னங்கரேலென்று, எங்கே பார்த்தாலும் ஓட்டையாக, ஒரு துப்பாக்கி.

காட்டோரத்தில் நெருப்பு மூட்டி, குச்சியில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் புதுத் தோட்டா ஒன்றை எடுத்து டோர்னியிடம் நீட்டினான்.

"மச்சான், இதுவும் ஆறரைதான். ஆனா புதுசு."

"ஆறரைதான்னா இது எதுக்குடா?"

"புதுசு மச்சான்."

"புதுசுன்னா என்ன செய்யும்?"

"புதுசா இருக்கும்!"

மாய்லிஸ் இரண்டு தோட்டாவையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. மூஸுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

மச்சானும் மச்சினனும் அந்த வருஷத்திலேயே முதன்முறையாக ஒன்று சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

ஆனால் மோகம் தொற்றிக்கொள்ளும். வசந்தம் வருவதற்குள் குழுவில் மூன்று பேர் கறுப்புத் துப்பாக்கி வாங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் ஆறரை அன்பர் மன்றத்தின் பொருளாளர். டோர்னிக்குச் சோறு இறங்கவில்லை. ராவெல்லாம் யோசித்து மாகாண அலுவலகத்தின் பண்பாட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டார்: கிராமத்து நடனத்தையும் புளித்த மீனையும் பாரம்பரியம் என்று போற்றுகிற அரசாங்கம், எங்கள் ஆறரைத் தோட்டாவையும் போற்ற வேண்டும்.

"போற்றிட்டா என்னங்க ஆகும்?" என்றாள் மாய்லிஸ்.

"உன் தம்பி வாய மூடுவான்."

"அதுக்கு அரசாங்கம் போதாதுங்க" என்றாள் அவள்.

அலுவலகம் போற்றியது. ஆகஸ்டு மாதத்தில் பெர்னில்லா என்கிற அதிகாரி, கையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கிரான்பூ சமூகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். இளவயசு. சிரித்த முகம். சட்டத்தை மனசாரக் காதலிக்கிறவள். பச்சை நிற கேக் வெட்டினார்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். ஒரு வெல்வெட் மெத்தைமேல் டோர்னியின் தோட்டா ஒன்று படுத்திருந்தது. ஆறரை இன்று முதல் பேணிக் காக்கப்படும் வாழும் பண்பாட்டுச் செல்வம் என்று பெர்னில்லா அறிவித்ததும் டோர்னி தேம்பித் தேம்பி அழுதார். பொருளாளர் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டு மன்றத்தில் மறுபடி சேர்ந்துகொண்டார். ரூனெ கேக்கை மட்டும் கவனித்துக்கொண்டான்.

"செப்டம்பர்ல வேட்டை ஆரம்பம்மா. அவசியம் வாங்க. முதல் மூஸை இந்தச் செல்வத்தாலயே சுடப்போறேன்" என்றார் டோர்னி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பெர்னில்லாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "சுடப்போறீங்களா?"

"பின்ன?"

"சுட்டா தோட்டா என்ன ஆகும், டோர்னி?"

"வெடிக்கும்."

"அப்புறம் பழைய நிலைக்கு வருமா?"

"எப்படிம்மா வரும்?"

"அதான் பாருங்க. பாதுகாக்கப்பட்ட பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத மாதிரி மாத்தக் கூடாது. இப்ப ஒரு பழைய தேவாலயத்தை வெடிக்க வைப்பீங்களா?"

"தேவாலயத்தை அதுக்காகக் கட்டலையேம்மா! இது சுடறதுக்குன்னே செஞ்சது. சுடறதும் பாரம்பரியம்தானே?"

"சந்தேகமே இல்லை. அருமையான பாரம்பரியம். ஆனா அதுக்கு நீங்க மனுப் போடலையே? நீங்க போட்டது தோட்டாவுக்கு."

கூடத்தின் மூலையில் ரூனெ புரையேறி இருமினான். பச்சை கேக் நாலா பக்கமும் தெறித்தது.

டோர்னி விடவில்லை. மேலே எழுதினார், கீழே எழுதினார், நேரில் போய் நின்றார். அவர் தலை தெரிந்ததும் அலுவலகத்தில் காப்பி இடைவேளை விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. கடைசியில் அரசாங்கம் இரங்கி, ஒரேயொரு தோட்டாவை, அதிகாரியின் முன்னிலையில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றத்துக்கு உள்ளாக்க அனுமதி தந்தது.

வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை விடிந்தது. வேட்டைக்குப் போகிறவனை எங்கள் பக்கத்தில் வாழ்த்தவே கூடாது. வாழ்த்தினால் மூஸ் அந்தத் திசைக்கே வராது. "நாசமாப் போ" என்று சொல்லி அனுப்புவதுதான் முறை. மாய்லிஸ் வாசலில் நின்று, "நாசமாப் போங்க, வெறுங்கையோட வாங்க" என்று அன்போடு வழியனுப்பினாள். பின்னாலேயே வந்த பெர்னில்லா எல்லாரையும் பார்த்து, "வேட்டை நல்லபடியா அமையட்டும்!" என்றாள்.

அங்கிருந்த அத்தனை பேருக்கும் முகம் வெளுத்தது. "ஐயையோ, போச்சு!" என்றார் பொருளாளர். மாய்லிஸ் பதறிப்போய் வசை மேல் வசையாக அள்ளிக்கொட்டி, முடிந்தவரை சரிக்கட்டினாள்.

டோர்னி நிற்குமிடம் சதுப்பின் ஓரம். பக்கத்தில் பெர்னில்லா. ரூனெ அதற்கு அப்பால், மரங்களுக்கு நடுவே கறுப்புத் துப்பாக்கியோடு நின்றான். தூரத்தில் டுஸ்ஸா என்கிற நாய் குரைத்தது. குரைப்பு நெருங்கியது. பிறகு மரங்களை விலக்கிக்கொண்டு, கொம்பும் தாடியுமாக, சதுப்பின் நடுவில் வந்து நின்றது ஓர் ஆண் மூஸ்.

டோர்னி துப்பாக்கியைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்" என்று கிசுகிசுத்தாள் பெர்னில்லா. "மூணாவது நிபந்தனை. சுடறதுக்கு முன்னாடி, பாதிக்கப்படுற தரப்புக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கணும்."

"யாரும்மா பாதிக்கப்படுற தரப்பு?"

பெர்னில்லா மூஸைப் பார்த்தாள்.

"விளையாடாதீங்கம்மா!"

"வழக்கமா மூணு வாரம் அவகாசம். உங்களுக்காகக் குறைச்சு வாங்கியிருக்கேன். அறிவிப்பை நான் வாசிக்கிறேன், அசையாம இருங்க." கணீரென்று வாசித்தாள். மனித ஜாதி பிறந்த நாளிலிருந்து எந்த மூஸுக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது. அது இரண்டு காதையும் இந்தப் பக்கம் திருப்பி, கடைசி வரி வரை கேட்டது. அந்தப் பக்கம் ரூனெவின் கறுப்புக் குழல் மெல்ல உயர்வது டோர்னிக்குத் தெரிந்தது. "ஆட்சேபம் எதுவும் வரலை" என்று பெர்னில்லா முடிக்கவும் டோர்னி சுடவும் சரியாக இருந்தது.

மூஸ் விழுந்தது. முதல் மூஸ், ஆறரையில்! டோர்னி தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். நாயைக் கட்டிப் பிடித்தார், பெர்னில்லாவைக் கட்டிப் பிடித்தார், ஓடி வந்த ரூனெவையும் கட்டிப் பிடித்துவிட்டு, ரூனெ என்று தெரிந்ததும் விட்டார்.

பெர்னில்லா இடுக்கியால் காலித் தோட்டாவை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, "இனி மூஸை யாரும் தொடக் கூடாது" என்றாள்.

"ஏன்?"

"உள்ள செல்வம் இருக்கு."

"குண்டும்மா அது!"

"பாதுகாக்கப்பட்ட குண்டு. அது புதைஞ்ச இடம் அகழாய்வுத் தலம். நிபுணர்கள் வந்துதான் தோண்டணும். வசந்தத்துல தேதி கேக்கலாம்."

"வசந்தத்துல இது நாறிடும்மா!" என்று அலறினார் பொருளாளர்.

ரூனெ கறுப்புத் துப்பாக்கியைத் தடவிக்கொடுத்தான். "என் தோட்டான்னா இந்நேரம் ஈரல் வெந்திருக்கும், மச்சான்."

மேலிடத்தைக் கேட்க பெர்னில்லா கைப்பேசியோடு குன்றின் மேல் ஏறினாள். கீழே சிக்னல் கிடையாது. மேலே சிக்னல் கிடைத்தது. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், தாங்கள் வரிசையில் நாற்பதாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று ஒரு குரலும் கிடைத்தது.

வெடிச் சத்தம் கேட்டு ஊரோடு ஓடி வந்திருந்த மாய்லிஸ் குன்றைப் பார்த்தாள், மூஸைப் பார்த்தாள். "என்னய்யா நிக்கிறீங்க? இழுங்க!"

பெர்னில்லா வரிசையில் ஏழாவது இடத்துக்கு முன்னேறுவதற்குள் மூஸ் கொட்டகைக்குப் போய், தோல் உரிந்து, பங்காகிவிட்டது. பங்கு போடுவது எங்கள் வழக்கப்படிதான் நடந்தது. மாய்லிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள, ஒருவர் ஒவ்வொரு குவியலாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க, அவள் பார்க்காமலே பெயர் சொன்னாள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஈரலை அங்கேயே வெண்ணெயில் வறுத்து ஊரே தின்றது. ரூனெ இரண்டு தட்டு தின்றான்.

பெர்னில்லா கோபித்துக்கொள்ளவில்லை. உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவந்து கொட்டகையைத் தேடினாள், சதுப்பைத் தேடினாள், எலும்பைக்கூடத் தேடினாள். குண்டின் அடிப்பாகம் மட்டும்தான் அகப்பட்டது. முனை நொறுங்கி, தூளாகி, கறியோடு கலந்து போயிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஊர்க் கூட்டம் போட்டாள்.

"மீதிச் செல்வம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் மலர்ந்த முகத்தோடு. "உங்களுக்குள்ள."

ஊரார் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆகையினால கிரான்பூ மக்கள் மொத்தப் பேரும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். வாழ்த்துகள்!"

"நானுமா? நான் அமெரிக்கத் தோட்டாக்காரன்மா!" என்று ரூனெ துள்ளினான்.

"நீங்க ரெண்டு தட்டு, ரூனெ. நீங்க முதல் தரச் சின்னம்."

ஊர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டோர்னிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வீடு 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று நீலப் பலகை வந்தது. யார் வயிற்றில் அதிகச் செல்வம் என்று தகராறு முற்றி, சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரேவுக்குக் கூட்டம் நின்றது. பொருளாளர் தலைமுடி வெட்ட அனுமதி கேட்டு எழுதி, பதில் வராமல், ஜடாமுனியாகத் திரிந்தார். அந்தக் குளிர்காலத்தில் பனி இடுப்பளவு கொட்டியது. சின்னங்கள் பனியில் மூழ்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. பனி அள்ளும் வண்டி விடிவதற்குள் முதலில் கிரான்பூவுக்கே வந்தது. முன்பெல்லாம் அதற்காக மத்தியானம் வரை காத்திருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டி பிடித்த ஊர் அது.

ஜனவரிக் கூட்டத்தில்தான் டோர்னிக்குச் சுரீரென்றது. "வர்ற செப்டம்பர்ல வேட்டை எப்படிம்மா?"

"சின்னங்கள் காட்டுக்குள்ள போகக் கூடாதே. ஆபத்து. ஊருக்குள்ள கறி சாப்பிடாத ஒரே ஆள் நான்தான். அதனால நானே வேட்டைப் பரீட்சை எழுதியிருக்கேன். முதல் மூஸை நான் சுடறேன்."

டோர்னி எழுந்தார். "எந்தத் தோட்டாவால?"

"ஆறரையைத் தொட முடியாதே, டோர்னி. அமெரிக்கத் தோட்டாதான்."

டோர்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அப்பா காலத்திலிருந்து நடந்து வந்தது! யாராவது ஏதாவது செய்ய மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

"இதுல யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லலாம்" என்றாள் பெர்னில்லா. "ஒரே ஒரு கை உயர்ந்தாலும் போதும். பாதுகாப்பை அப்படியே ரத்துப் பண்ணிடுவோம். தோட்டாவுக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. பழையபடி நீங்களே சுட்டுக்கலாம். பனி வண்டியும் பழையபடி மத்தியானம் வரும்."

ரூனெ தன் கறுப்புத் துப்பாக்கியை நினைத்துக் கையைப் பார்த்தான். பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். பொருளாளர் முடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

டோர்னியின் வலது கை மெதுவாக எழுந்தது. தோள் வரைக்கும் வந்தது. மாய்லிஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே பார்த்தது.

"ஏதாவது சொல்லணுமா, டோர்னி?"

"ஒண்ணுமில்லம்மா. காது அரிச்சுது" என்றார். நன்றாகச் சொறிந்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக பெர்னில்லா எழுதிக்கொண்டாள். எல்லாரும் பெருமூச்சு விட்டு, காப்பி குடிக்க எழுந்தார்கள்.