சம்பந்தி வாங்கிய தள்ளுவண்டி

பிரிஞ்சாங், கேமரன் மலை
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை புனிதன் அவர்களுக்கு மாமனார் திருச்செல்வம் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியார் மணியம்மாவும் மாரியம்மா தயவில், மழையோடும் குளிரோடும் மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே கிள்ளானில் நீங்களும், மகள் தனுஜாவும், பேத்தி தேவாஷினியும், உங்கள் தாயாரும் சுகம்தானா என்று தெரியப்படுத்தவும். உங்கள் தகப்பனார் முருகையா அவர்களின் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதவேண்டியதில்லை. தினம் மூன்று படம் குடும்பக் குரூப்பில் வருகிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த உங்கள் மாமியாருக்கு என்று நினைத்து நான் பேசி அனுப்பியது நேராகக் குடும்பக் குரூப்பில் போய் விழுந்துவிட்டது. "முருகையாவுக்கு வேற வேலவெட்டி இல்லியா, புள்ளய வச்சுப் படம் புடிச்சே பொழுத ஓட்டுறாரே" என்று நான் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு உங்கள் தகப்பனார் இரண்டு கை கூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினார். அது கும்பிடா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதிலிருந்து முக்கியமான விஷயம் என்றால் பேனாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள், பேத்தி முதல் தடவையாக மலையேறுகிறாள் என்று தனுஜா சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளை பிறந்து பதின்மூன்று மாதம். அதில் நான் அவளைத் தொட்டுத் தூக்கியது நான்கே தடவை. போனில் என் முகத்தைக் காட்டினால் தனுஜாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். ஆனால் உங்கள் தகப்பனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "தாத்தா" என்று வாய் நிறையச் சொல்கிறாளாம். சொல்லட்டும், நல்லதுதான். எனக்குப் பொறாமை கிடையாது. மணியம்மா இருக்கிறது என்கிறாள், அவள் சொல்வதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த வீடியோ வந்ததே மாப்பிள்ளை, அது எதற்கு? உங்கள் தகப்பனார் ஷாப்பிங் மாலில் நிற்கிறார், புது ஸ்ட்ரோலர், பிள்ளை இறங்கியதும் ஒரே கையால் ஒரு தட்டு, ஒரு முறுக்கு, அவ்வளவுதான், வண்டி சுருங்கிக் கைப்பை அளவுக்கு வந்துவிட்டது. விமானத்தில் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாமாம். கீழே "தாத்தாவின் அன்புப் பரிசு" என்று வேறு எழுத்து. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். என் சொந்தத் தங்கை இதயமே போட்டிருக்கிறாள். அந்த வண்டியோடுதான் திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்றும், உங்கள் தகப்பனாரும் கூட வந்தாலும் வருவார் என்றும் தனுஜா சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்து இருபத்தொன்பது வருஷமாகக் கணக்குக் கிராணியாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தோட்டத்துக்குள் என் பேத்தி அவர் வாங்கிய வண்டியில், அவர் தள்ள, பவனி வந்தால் பார்க்கிற சனம் அவளை யார் பேத்தி என்று சொல்லும்? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நானும் ஒரு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். காய்கறி லோரி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக் கிரகரியோடு ஈப்போவுக்கு இறங்கினேன். கடையில் நம்ம பெண் ஒருத்தி நின்றாள். "அங்கிள், எதுக்கு வேணும்? பிளேன்ல கொண்டு போகவா, கார்ல வைக்கவா, இல்ல சும்மா மால்ல தள்ளவா?" என்றாள். "தேயிலைத் தோட்டத்துல தள்ளணும்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோட்டத்துக்குன்னு தனியா மாடல் வரலியே லா அங்கிள்" என்றாள். சின்னச் சக்கர வண்டிகளாக எடுத்துக் காட்டினாள். அந்தச் சக்கரம் எல்லாம் மாலில் கண்ணாடித் தரையில் ஓடும், எங்கள் செம்மண் ரோட்டில் ஒரு கல்லுக்கு மண்டி போட்டுவிடும். "இருக்கிறதுலயே பெரிசா எடும்மா" என்றேன். மூலையில் ஒன்று இருந்தது மாப்பிள்ளை, மூன்று சக்கரம், காற்றடித்த டயர், ஸ்பிரிங், கைப்பிடியில் தண்ணீர் போத்தல் வைக்க ஓட்டை. பார்த்ததும் உங்கள் தகப்பனார் முகம்தான் நினைவுக்கு வந்தது. விலையைக் கேட்காதீர்கள், மணியம்மாவுக்கும் சொல்லவில்லை. மடிப்பது எப்படி என்று அந்தப் பெண் மூன்று தடவை காட்டினாள். அதற்கு இரண்டு கை, ஒரு கால், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். நான் மடித்தபோது கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. கிரகரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத மாப்பிள்ள கார்ல ஏத்தணும்னா மாப்பிள்ள இறங்கி நடந்து வரணும்" என்றான். அவனுக்கு எப்போதும் வாய்க்கொழுப்பு.

வாங்கியதை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் எந்த மெஷின் வந்தாலும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் வேலைக்கு விடமாட்டோம். பிள்ளையின் எடை ஒன்பதே முக்கால் கிலோ என்று தனுஜா கிளினிக் அட்டையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கிரகரியிடம் முட்டைக்கோஸ் இருந்தது, என்னிடம் தராசு இருந்தது. இங்கேதான் என் கை பழக்கதோஷத்தில் ஒரு காரியம் செய்துவிட்டது. மழையில் நனைந்த கொழுந்து வந்தால் ஈரத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கழிப்பது இத்தனை வருஷ வழக்கம். பிள்ளையை நிறுத்தபோது இடுப்பில் பம்பர்ஸ் இருந்திருக்குமே, அது நனையாமலா இருந்திருக்கும் என்று நினைத்து ஒரு கிலோவைக் கழித்துவிட்டேன். கழித்ததால் அடியில் வைக்கவேண்டிய பெரிய கோஸை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தேன். இடுப்பு வார் தொளதொள என்று ஆகிவிட்டது. அதை இறுக்க மணியம்மாவின் சால்வையைச் சுற்றினேன். தலை உயரத்துக்கு வாரைச் சரிபார்க்க உச்சியில் உருண்டையாக ஒரு கோஸை வைத்து, பேத்திக்காகப் பின்னி வைத்திருந்த ரோஸ் கலர் கம்பளிக் குல்லாவை அதற்கு மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை தூங்குகிற மாதிரியே இருந்தது, கொஞ்ச நேரம் நானே நின்று பார்த்தேன்.

தார் ரோடு, சரிவு, இரண்டும் வேண்டும் என்பதால் சனிக்கிழமை கியா பார்ம் பக்கம் போனோம். சனிக்கிழமை கியா பார்ம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கீழிருந்து வந்த கார் எல்லாம் நகராமல் வரிசை பிடித்து நின்றது. படம் பிடிக்கக் கிரகரியைப் போனோடு எதிரே நிறுத்தினேன். என் திட்டம் என்னவென்றால், சரிவில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டு, கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நிற்பது. உங்கள் தகப்பனார் ஒரு கையால் காட்டினார், நான் கையே இல்லாமல் காட்டலாம் என்று பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன். "டக்" என்றது. நிறுவையை இரண்டு தடவை பார்க்காமல் நான் புத்தகத்தில் ஏற்றியதே கிடையாது மாப்பிள்ளை, அந்த நியாயப்படி பிரேக்கையும் இன்னொரு தடவை மிதித்தேன். மறுபடி "டக்" என்றது. முதல் மிதிக்குப் பிடிக்கும், இரண்டாவது மிதிக்கு விடும் என்று அந்தக் கடைப் பெண் சொல்லித்தான் இருக்கிறாள், அப்போது நான் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தேன்.

கையைக் கட்டிக்கொண்டு கிரகரியைப் பார்த்துச் சிரித்தேன். கிரகரி சிரிக்கவில்லை. "அண்ணே! வண்டி! வண்டி!" என்று கத்தினான். திரும்பினால் வண்டி இல்லை. அது பாட்டுக்கு அந்த அருமையான மூன்று சக்கரத்தில் ஒரு ஆட்டம் இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நல்ல வண்டிதான், அதில் குறை சொல்ல முடியாது. வரிசையில் நின்ற கார்களின் கதவெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. "பேபி! பேபி!" என்று ஒரே கூச்சல். ஒரு அம்மா கையிலிருந்த சோளத்தை எறிந்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன், "புள்ள இல்ல! புள்ள இல்ல! கோஸு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன், ஆனால் குளிருக்கு முகத்தை மூடிக் குரங்குக்குல்லாய் போட்டுக்கொண்டு ஒருவன் அப்படிக் கத்தினால் யார் நம்புவார்கள்? வண்டி நேராக, எனக்கு நெடுநாள் பழக்கமான காளியம்மாவின் ஸ்ட்ராபெரிக் கடையில் போய் மோதியது. தொளதொள வாரிலிருந்து குல்லா போட்ட தலை மட்டும் தனியாகக் கழன்று ரோட்டில் உருண்டது. சோளத்தை எறிந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நீலச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள் பந்து பிடிக்கிற மாதிரி குப்புறப் பாய்ந்து அந்தத் தலையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் குல்லாவைத் தூக்கிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

காளியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னா கிராணி, இத்தன வருசம் ஒழுங்காத்தானே இருந்தீங்க, எப்பலருந்து கோஸுக்குக் குல்லா மாட்டி ஊர்வலம் உடுறீங்க?" என்றாள். நசுங்கிய ஸ்ட்ராபெரியை எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். மூன்று நாளாக வீட்டில் ஜாம்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் காரில் இருந்தபடியே எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டான். அது நாடெல்லாம் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம குடும்பக் குரூப்பிலேயே வந்து நின்றது. அனுப்பியவர் யார் என்று சொல்லவேண்டுமா? "சம்பந்தி, உங்க ஊர்ல யாரோ ஒரு கிறுக்கன் கோஸுக்குக் குல்லா போட்டு ஸ்ட்ரோலர்ல தள்றான், பார்த்தீங்களா?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஆறு. குரங்குக்குல்லாய் புண்ணியத்தில் என் முகம் தெரியவில்லை. "இங்கே டூரிஸ்ட் கூட்டம் அதிகம்" என்று மட்டும் பதில் போட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கிறுக்கன் யார் என்று உங்கள் வீட்டில் மூச்சு விடாதீர்கள். அந்த மடக்கு வண்டியைக் கிள்ளானிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே என் வண்டி கழுவித் துடைத்து நிற்கிறது, ஒரு கீறல்தான். உங்கள் தகப்பனாருக்கு இந்தக் குளிர் ஆகாது என்று நீங்களே சொன்னால் மரியாதையாக இருக்கும், நான் சொன்னால் நன்றாக இருக்காது. பிள்ளைக்கு என் படத்தைக் காலையில் ஒரு தடவை, பால் குடிக்கும்போது ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். திருவிழா மூன்று நாள், மாப்பிள்ளை, மூன்றே நாள் அவள் என் பேத்தியாக மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். வருஷத்தில் மற்ற நாள் எல்லாம் அவருக்குத்தானே.

உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கம். தனுஜாவுக்கு அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பேத்தி நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தகப்பனாருக்கும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்
சி. திருச்செல்வம்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தகப்பனார் போன் செய்தார். அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தாராம், பதினோராவது தடவையில் குரல் பிடிபட்டுவிட்டதாம். சிரித்தார், நிறையவே சிரித்தார். அப்புறம், "எதுக்கு சம்பந்தி இவ்வளவு பாடு? நான் வண்டி வாங்கினதாலயா?" என்றார். நான் உறையை ஒட்டாமல் கீழே வைத்தேன். "தோள்பட்டை ஆபரேசனுக்கு அப்புறம் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க சம்பந்தி. புள்ள என்னப் பார்த்தா ரெண்டு கையையும் நீட்டுது. தூக்க முடியல. அழுவுது. அந்த அழுகையக் கேக்க மாட்டாமத்தான் வண்டி வாங்கித் தள்ளிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். ஆபரேசன் நடந்தது தெரியும், இது தெரியாது. நீங்களாவது சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மடக்கு வண்டியையும் கொண்டு வாருங்கள், உங்கள் தகப்பனாரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், குளிருக்கு என் சுவெட்டர் இருக்கிறது. என் வண்டியைக் கிரகரி காய்கறி ஏற்றக் கேட்டான், கொடுத்துவிட்டேன். பிள்ளையை நான் தூக்கிக்கொள்கிறேன். அழுதாலும் தூக்கிக்கொள்கிறேன்.

போனை வைக்கும் முன்னே அவர் இன்னொன்றும் சொன்னார். "நீங்க கொழுந்து மூட்டையே தூக்குற ஆளு. ஒங்களால புள்ளயத் தூக்க முடியும். எனக்குப் பொறாமையா இருக்கு சம்பந்தி" என்றார். "லைன் சரியில்ல சம்பந்தி, கேக்கல, என்னா சொன்னீங்க?" என்றேன். பாவம், இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை.